2,400 ரூபாய்க்காக 1,80,000 நின்றது: எம்.சி. ரோட்டில் முடங்கிய ஒரு கணக்கு

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி, துண்டு, உள்பாவாடை விற்கும் ஓர் அக்காவின் வங்கிக் கணக்கு, 2024 ஆடித் தள்ளுபடி நேரத்தில் முடங்கியது. வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவர் இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்துப் புகார் செய்திருக்கிறார். அந்தப் பணத்தில் 2,400 ரூபாய் பல கணக்குகளைத் தாண்டி, அக்கா கடையின் கியூஆர் அட்டை வழியாக அவர் கணக்கில் விழுந்திருக்கிறது. முடக்கிய அன்று கணக்கில் இருந்தது 1,80,000 ரூபாய். மொத்தமும் நின்றுபோனது.

பெரம்பூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் கணினி ஆர்வலர் கூட்டத்துக்கு இந்த விவகாரம் வந்தது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் பழுது பார்க்கும் அண்ணன் மூலமாக. அக்கா அவருக்கு உறவு. கூட்டத்துக்குப் பெயரும் கிடையாது, பதிவும் கிடையாது. ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு பெண், ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்குப் போய்வரும் ஜூனியர் வக்கீல், பழுது பார்க்கும் அண்ணன், நான், இன்னும் வந்துபோகும் சிலர். லினக்ஸில் ஆரம்பித்து ஆதார் வழக்கில் முடியும் சண்டைகள்தான் எங்கள் வழக்கம். இந்த முறை சண்டைக்கு நடுவில் ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எனவே பேச்சின் போக்கே மாறியது. அக்காவின் பெயர், வங்கி, புகார் வந்த மாநிலம் எதையும் இங்கே சொல்லவில்லை. தொகைகளையும் கணக்குப் போட வசதியாக ரவுண்டாக்கியிருக்கிறேன்.

"நான் இன்னா திருடியா? நைட்டி குடுத்தேன், துட்டு வந்துச்சு. வந்த துட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் எப்படிப்பா பாக்கறது?" என்றார் அக்கா. அன்று மாலை முழுக்க நாங்கள் பேசியது இந்தக் கேள்விக்குத்தான் பதில். அப்படியும் அவருக்குத் திருப்தியாக ஒரு பதில் கிடைத்ததா என்றால், இல்லை.

பணம் வந்த வழி

யூபிஐயில் பணம் அனுப்புகிறவர்தான் எல்லாம் செய்கிறார். கியூஆரை ஸ்கேன் பண்ணுகிறார், தொகையைப் போடுகிறார், பின் எண்ணைத் தட்டுகிறார். அவர் வங்கியில் கழிகிறது, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ வழியாகச் செய்தி போகிறது, வாங்குகிறவர் வங்கியில் ஏறுகிறது. வாங்குகிறவர் 'சரி' சொல்லும் இடம் இந்த வரிசையில் எங்குமே இல்லை. வேண்டாம் என்று மறுக்கவும் வழி இல்லை. சவுண்ட் பாக்ஸ் கத்தும்போது பணம் ஏற்கெனவே வந்திருக்கும். 2016 இல் இந்த ஏற்பாடு வந்தபோது அதன் சிறப்பே இதுதான்: கடைக்காரர் எதையும் தொட வேண்டியதில்லை.

மறுபக்கம், புகார் வரும் வழி. இணைய மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். 2021 இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆன ஏற்பாடு இது. உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இதை நடத்துகிறது. புகார் பதிவானதும் பணம் போன முதல் வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். போய்விட்டது என்றால் எந்த வங்கிக்கு, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு போனது என்று பதிவார்கள், அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். இப்படி அடுக்கு அடுக்காக இறங்கும். இதைத்தான் 'லேயர்' என்கிறார்கள். அக்காவின் கணக்கு மூன்றாவது லேயர் என்று வங்கிக் கிளையில் வாய்மொழியாகச் சொன்னார்கள்.

மோசடிக்காரன் எதற்கு எம்.சி. ரோட்டில் நைட்டி வாங்குகிறான் என்று கேட்கலாம். பழுது பார்க்கும் அண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை. நம்ம ஏரியாவில் சில பையன்கள் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்துச் சில ஆயிரங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். 'வாடகை அக்கவுண்ட்' என்றே பேச்சு. கணக்கில் லட்சக்கணக்கில் வந்து போகும், பையனுக்குக் கமிஷன் நிற்கும். அந்தக் கமிஷனில் வீட்டுக்குத் துணி எடுத்திருப்பான் என்பது அவர் ஊகம். நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அக்காவின் பில் புத்தகத்தில் அந்தத் தேதியில் ஆறு நைட்டியும் நாலு துண்டும் 2,400 ரூபாய்க்கு விற்றதாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று கணக்கு

ஓஎம்ஆரில் வேலை செய்யும் பெண் அக்காவின் வரவு செலவுப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிட்காயினில் களவு போன நாணயத்தைத் துரத்துகிறவர்கள் மூன்று விதமாகக் கணக்குப் போடுவார்கள், அதை இங்கே போட்டுப் பார்க்கலாம் என்றார். எங்கள் கூட்டத்துக்கு இது அல்வா மாதிரி. உடனே வெள்ளைப் பலகை வந்தது.

2,400 வருவதற்கு முன் கணக்கில் 93,600 இருந்தது. வந்த பிறகு 96,000. அடுத்ததாக, வேறு வரவு சேரும் முன்பே, கோடவுன் தெருவில் ஒரு மொத்த வியாபாரிக்கு 70,000 போயிருக்கிறது. பிறகு கொஞ்சம் விற்பனைப் பணம் சேர்ந்து, இன்னொரு மொத்த வியாபாரிக்கு 40,000.

முதல் முறைக்கு 'விஷம்' என்று பெயர். ஒரு துளி பட்டாலே பானை முழுக்கக் கெட்டது. அக்காவின் கணக்கு மொத்தமும் களங்கம். அப்படியானால் கோடவுன் தெருவின் இரண்டு வியாபாரிகளும் களங்கம், அவர்கள் பணம் கொடுத்த ஆலைகளும் களங்கம், கொஞ்ச நாளில் ஊரே களங்கம். இரண்டாவது முறையில் கலப்பு விகிதம் பார்க்க வேண்டும். 96,000-இல் 2,400 என்றால் 2.5 சதவீதம். முதல் வியாபாரிக்குப் போன 70,000-இல் 1,750 ரூபாய் திருட்டுப் பணம். மூன்றாவது, முதலில் வந்தது முதலில் போகும். 93,600 தீர்ந்த பிறகுதான் 2,400-இன் முறை வரும். அதன்படி முதல் வியாபாரிக்கு ஒரு பைசாவும் ஒட்டவில்லை. முழு 2,400-உம் இரண்டாவது வியாபாரியிடம் போய்விட்டது. அக்காவின் கணக்கு சுத்தம்.

இந்த மூன்றாவது முறை கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1816 இல் இங்கிலாந்தில் திவாலான ஒரு வங்கி விவகாரத்தில் வந்த தீர்ப்பு அது, கிளேட்டன் வழக்கு என்பார்கள். கேம்பிரிட்ஜில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன் குழுவினர் 2018 இல் அதைத் தூசி தட்டி எடுத்து, பிட்காயினுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்த பெரியவர் ஒன்று கேட்டார். "சரிம்மா, இங்க எந்தக் கணக்குப்படி நிறுத்தினாங்க?" பதில்: எந்தக் கணக்குப்படியும் இல்லை. அக்காவின் கணக்கை விஷம் என்று நடத்தினார்கள். ஆனால் அதிலிருந்து வெளியே போன பணத்தைத் தொடவே இல்லை. கோடவுன் தெருவில் இருவர் கணக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விதியைக் கடைசி வரை கொண்டுபோனால் அது அநியாயமாகவாவது ஒரு விதியாக இருக்கும். இங்கே பணம் தேடிவந்தவர்கள் களைத்து நின்ற இடத்தில் யார் இருந்தாரோ அவர் மாட்டினார்.

விடுதிக்காரர் மில்லர்

இதுவரை வாயே திறக்காமல் இருந்த ஜூனியர் வக்கீல், மூன்று கணக்கும் தேவையில்லாத வேலை என்றார். அவர் சொன்ன கதை எனக்குப் புதிது. 1756 டிசம்பரில் லண்டனிலிருந்து கிளம்பிய தபால் வண்டியைக் கொள்ளையடித்தார்கள். போனதில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டு ஒன்றும் இருந்தது. சீக்கிரமே அது மில்லர் என்ற விடுதிக்காரரிடம் வந்து சேர்ந்தது. அவர் தொழிலில், விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு வாங்கினார். மாற்றப் போனால் வங்கி எழுத்தர் ரேஸ் நோட்டைப் பிடித்துவைத்துக்கொண்டார். 1758 இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்னார்: நோட்டு மில்லருக்கே. களவு போன குதிரையை யாரிடமிருந்தும் திரும்பக் கேட்கலாம், பணத்தை அப்படிக் கேட்க முடியாது. கேட்க விட்டால் எவனும் எவனிடமும் பணம் வாங்கமாட்டான், வியாபாரம் நின்றுவிடும். நம் 1881 ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 9 ஆம் பிரிவிலும் இதே எண்ணம் இருக்கிறது, காசோலை, மாற்று உண்டியல் போன்றவற்றுக்கு.

"அக்கா விடுதிக்காரர் மில்லர். ஆறு நைட்டி, நாலு துண்டு கொடுத்த இடத்தில் களங்கம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

எனக்கு இந்த வாதம்தான் சரியாகப் படுகிறது. கூட்டத்தில் நான் வக்கீல் பக்கம் நின்றேன், இப்போதும் அங்கேதான் நிற்கிறேன். ரூபாய் நோட்டைக் கையில் வாங்கும்போது நமக்கு இருந்த ஒரு பாதுகாப்பு, அதே தொகையைத் திரையில் வாங்கும்போது சத்தமில்லாமல் போய்விட்டது. யாரும் சட்டம் போட்டு அதை எடுக்கவில்லை. நோட்டுக்கு வரலாறு கிடையாது, யூபிஐ வரவுக்கு முழு வரலாறும் உண்டு. துரத்த முடிகிறது என்பதாலேயே துரத்தலாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் ஓஎம்ஆர் பெண் விடவில்லை. சரக்கு கைமாறியது கணினிக்கு எப்படித் தெரியும்? யூபிஐயில் கடைக்காரருக்குப் போகும் பணம், தனிநபருக்குப் போகும் பணம் என்று பிரித்துக் குறிக்கிறார்கள். சிறு வணிகர்களுக்கென்று தனி வகையே இருக்கிறது. அக்காவோ மகனின் போனில் செயலியைப் போட்டு, தன் சொந்தக் கணக்கின் கியூஆரைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து மாட்டியவர். மூன்றாவது லேயரில் வந்து பார்க்கிற அதிகாரிக்கு அவர் கடைக்காரராகத் தெரியமாட்டார், இன்னொரு வாடகை அக்கவுண்ட் மாதிரிதான் தெரிவார். எம்.சி. ரோட்டில் நடந்து பாருங்கள், பாதிக் கடைகளில் இதே கதைதான்.

அப்போ வணிகர் கியூஆர் வைத்திருப்பவர் கணக்கை முடக்கக் கூடாது என்று விதி போடலாமே என்றேன். பெரியவர் சிரித்தார். "போடுங்க. நாளைக்கே அத்தனை வாடகை அக்கவுண்ட்டும் நைட்டிக் கடை ஆகும்." அவருக்குத் தெரிந்த ஒருவர் ஓய்வூதியப் பணத்தை இப்படித்தான் இழந்தார். போலீஸ் நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தால் அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும், முதலில் நிறுத்து, பிறகு கேள் என்பதுதான் ஒரே வழி என்பது அவர் கட்சி. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நிறுத்துவது தவறென்று நான் சொல்லவரவில்லை, எவ்வளவு நிறுத்துவது, எத்தனை நாள், யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் கேள்வி என்று மட்டும் சொன்னேன். பெரியவரும் அதற்குத் தலையாட்டினார். அந்த ஒரு இடத்தில்தான் எல்லாரும் ஒன்றாக நின்றோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கும் சொத்தைப் போலீஸ் கைப்பற்றலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102 ஆம் பிரிவு. வங்கிக் கணக்கும் அதில் 'சொத்து'தான் என்று 1999 இல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே அதிகாரம் 106 ஆம் பிரிவு. கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்க வேண்டும். தாமதமானால்? அதனாலேயே முடக்கம் செல்லாமல் போய்விடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீடுதான் அது.

புதிய சட்டத்தில் 107 என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. குற்றத்தில் கிடைத்த சொத்தை நீதிமன்றம் வழியாக முடக்குவது. அதில் சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து, 14 நாளில் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 106-இல் அப்படி முன்கூட்டிக் கேட்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஜூனியர் வக்கீலுக்கு இதில் தனி ஆர்வம், நீண்ட நேரம் பேசினார். அக்கா நடுவில் எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

எங்களுக்கு உதவியது வேறு இரண்டு உத்தரவுகள். 2023 இல் கேரள உயர் நீதிமன்றம், போலீஸ் குறிப்பிட்ட தொகையளவுக்கு மட்டுமே வங்கி நிறுத்திவைக்க வேண்டும் என்றது. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் அதே வழியில் போனது. அந்தக் கணக்கில் 9.69 லட்சம் இருந்தது, சந்தேகத்துக்குரிய தொகை 2.48 லட்சம். 2.5 லட்சத்தை மட்டும் நிறுத்திவைத்து மீதியைப் பயன்படுத்த விடச் சொன்னார்கள். எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் கணக்கை முழுசாக முடக்குவது தொழில் செய்யும் உரிமையையும் பிழைப்பையும் பாதிக்கிறது என்பது காரணம்.

அக்காவும் உயர் நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். அது இருக்கும் பாரிமுனை பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். வக்கீல் செலவு என்று பார்த்தால் 2,400-ஐப் போல எத்தனையோ மடங்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் என்றால் புகார் பதிவான மாநிலத்துக்குப் போக வேண்டும். நைட்டிக் கடையை யார் பார்ப்பது?

நடந்தது என்ன

கிளையில் முதலில் சொன்னது: "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, போலீஸ்ல போய்க் கேளுங்க." எந்தப் போலீஸ் என்று கேட்டால் கம்ப்யூட்டரில் பார்த்து ஒரு மாநிலத்தின் பெயரைச் சொன்னார்கள். எழுத்தில் கேட்டபிறகுதான் புகாரின் ஒப்புகை எண்ணும், முடக்கச் சொன்ன பிரிவின் மின்னஞ்சல் முகவரியும் கிடைத்தன. யாருக்காவது இது நேர்ந்தால் முதலில் கேட்டு வாங்க வேண்டியவை இந்த இரண்டும்தான். ஒப்புகை எண் இல்லாமல் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் மதிப்பில்லை. கூடவே 'கணக்கு முழுக்க முடக்கச் சொன்னார்களா, தொகையை மட்டும் நிறுத்தச் சொன்னார்களா' என்றும் எழுத்தில் கேட்க வேண்டும். ஓஎம்ஆர் பெண் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது: வங்கி மென்பொருளில் குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்துவைக்கும் 'லியன்' வேறு, கணக்கையே பூட்டும் 'ஃப்ரீஸ்' வேறு. இரண்டுமே எப்போதும் இருக்கும் வசதிகள். எது சௌகரியமோ அதைத் தட்டிவிடுகிறார்கள்.

பில் புத்தகத்தின் பக்கம், கோடவுன் தெரு கொள்முதல் ரசீதுகள், கடையின் படம், வரவு செலவுப் பட்டியலில் அந்த 2,400 வந்த வரி, எல்லாம் சேர்த்து விசாரணைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டோம். பதில் இல்லை. மறுபடி போட்டோம். அதற்குள் ஆடி முடிந்தது. சரக்கு எடுக்கக் கையில் காசில்லாமல் அக்கா தண்டலுக்கு வாங்கினார். பத்தாயிரம் என்று பேச்சு, பிடித்தம் போகக் கைக்கு வந்தது எட்டாயிரத்து ஐநூறு, தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். சொந்தப் பணம் 1,80,000 வங்கியில் தூங்க, இவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வெள்ளைப் பலகையில் 1,750 ரூபாய்க்குச் சண்டை போட்டபோது இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் வேலை செய்தது வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஜூனியர் வக்கீல் எழுதிய கடிதம். இரண்டு உயர் நீதிமன்ற உத்தரவுகளையும் இணைத்து, கணக்கை விடுவிக்கச் சொல்லவில்லை, முடக்கத்தை 2,400-க்குச் சுருக்குங்கள் என்று மட்டும் கேட்டார். கேட்டதைச் சின்னதாகக் கேட்டதால்தான் நடந்தது என்று நினைக்கிறேன். விசாரணைப் பிரிவிலிருந்தும் ஆட்சேபணை இல்லை என்று ஒற்றை வரி வந்தது. தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் 1,77,600 ரூபாய் விடுபட்டது. 2,400 இன்னும் லியனில்தான் இருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 503 ஆம் பிரிவில் மனுப் போட்டு அதையும் வாங்கலாம், முன்மாதிரியாக இருக்கும் என்று வக்கீலுக்கு ஆசை. அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் இதற்குள் தன் கடையில் கியூஆர் அட்டையைக் கிழித்துவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார். ஒரு வாரம் தாங்கவில்லை, வியாபாரம் படுத்தது, அட்டை திரும்ப வந்தது. அக்கா அவரைவிடக் கெட்டிக்காரர். கியூஆருக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்கி, தினமும் கடை மூடும்போது அதில் சேர்ந்ததை மொத்தமாக வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறார். முடங்கினால் ஒரு நாள் காசோடு போகட்டும் என்பது அவர் கணக்கு. கேட்டதும் ஓஎம்ஆர் பெண் தலையில் கைவைத்தார். பல பேரிடமிருந்து சின்னச் சின்னதாக வாங்கி, மொத்தமாகத் துடைத்து வெளியே அனுப்புவதுதான் வாடகை அக்கவுண்ட்டின் அடையாளம். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய, 2024 டிசம்பரில் அறிவித்த மியூல்ஹண்டர் போன்ற மென்பொருள்கள் தேடுவது இப்படிப்பட்ட நடமாட்டத்தைத்தான். முடக்கத்துக்குப் பயந்து அவர் செய்ததே அவரைச் சந்தேகக்காரராகக் காட்டும்.

முறைப்படி வணிகர் கியூஆர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறோம். அதற்குக் கடைக்கு ஏதாவது சான்று வேண்டும். 2014 ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி கொடுத்த அட்டை வீட்டில் இருக்கிறது, ஆனால் அது அவர் கணவர் பெயரில். கணக்கு அக்கா பெயரில். பெயர் மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்.